பெயிண்ட் காய்ந்த பிறகு

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அண்ணன் ஒரு வாக்கை அள்ளி விட்டான் அல்லவா, அது வியாழக்கிழமை காலை வாசலில் வந்து நின்றது.

"சிமெண்ட் அம்மாவை வியாழக்கிழமை நம்ம ஜெட்ல ஏத்தி ஒரு சுத்து சுத்திக் காட்டறதா சொல்லிட்டேன்" என்றான் அன்று. பாப்பா, "இன்னும் ரெண்டு வாரம் கொடு அண்ணா" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். அப்பா தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "பார்க்கலாம்" என்றார். அந்த வீட்டில் அண்ணனிடம் 'பார்க்கலாம்' என்றால் சரி, பாப்பாவிடம் 'பார்க்கலாம்' என்றால் பேசாமல் சாப்பிடு. இருவருக்கும் சேர்த்துச் சொன்னால் என்ன என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் எப்போதும் அண்ணன் பக்கம்தான்.

பாப்பா என்றதும் புதிதாகப் படிக்க வந்தவர்கள் பால்புட்டியைத் தேட வேண்டாம். நாற்பத்திரண்டு வயது. தொழிற்சாலையில் சீஃப் இன்ஜினியர். ஒரு விமானம் பறக்கலாமா கூடாதா என்று கடைசியாகச் சொல்வது அவள்தான். அந்த உரிமையை அப்பா தங்கத் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. வேறு இரண்டு பேரை வைத்துப் பார்த்து, இரண்டு பேரும் சரிப்பட்டு வராத பிறகு வேறு வழியில்லாமல் கொடுத்தார். கொடுத்த நாளிலிருந்து பாப்பா அதை யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. அது போனால் அங்கே அவள் வெறும் முதலாளி வீட்டுப் பெண், அவ்வளவுதான்.

அப்பாவின் தொழிற்சாலை நாற்பது வருடமாக ஒரே வகை விமானத்தைத்தான் செய்து வந்தது. வயலுக்கு மேலே தாழப் பறந்து மருந்து தெளிக்கிற விமானம். ஒற்றை இருக்கை, ஒற்றை இன்ஜின், முன்னால் மருந்துத் தொட்டி. ஓட்டுகிறவரைத் தவிர ஒரு கோழிக்குஞ்சு கூட ஏற இடமிருக்காது. அதில் நல்ல பெயர், நல்ல வியாபாரம். ஆனால் விமானக் கண்காட்சிகளில் பெரிய கம்பெனிக்காரர்கள் அப்பாவைப் பார்த்து, "பூச்சிமருந்து எப்படிப் போகுது சார்?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இந்த ஜெட். முதலாளிகள் ஏறிப்போக எட்டு இருக்கை, இரட்டை இன்ஜின். வீடே சேர்ந்து ஒற்றைக்காலில் நின்று செய்த விமானம். வங்கிக்காரர் வேண்டாம் என்றார், நண்பர்கள் வேண்டாம் என்றார்கள், அப்பாவின் டாக்டர் கூட வேண்டாம் என்றார். செய்தார்கள். உள்ளே இருக்கை வைக்கும் முன்பே சோதனைப் பறப்புகள் எல்லாம் முடிந்து அனுமதியும் வந்தாயிற்று. வாங்கத்தான் ஆளில்லை. வந்து பார்த்தவர்கள் எல்லாம் காபி குடித்துவிட்டு, "அருமையா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கம்பி நீட்டினார்கள். சிமெண்ட் அம்மா ஒருவர்தான் மூன்று முறை திரும்பி வந்தவர். ஏழெட்டு ஊரில் சிமெண்ட் ஆலை வைத்திருக்கிறவர். அவர் வாங்கினால் அவரைப் பார்த்து இன்னும் பத்து பேர் வாங்குவார்கள்.

வியாழக்கிழமை காலை பாப்பா ஹேங்கருக்குள் நுழைந்தபோது விமானம் பளபளவென்று நின்றது. உள்ளே அண்ணி குஷன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணியை அந்தக் குடும்பத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஹோட்டல்களுக்கு உள்ளறை வடிவமைத்தவள். அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு, "நம்ம ஜெட்டுக்கு நீயே செஞ்சிடேன்" என்று அண்ணன் சொல்ல, செய்தாள். திரைச்சீலை வேலை என்று அப்பா அதை நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் பாதி முடிந்த கேபினைப் பார்த்தவர்கள் கூட உடனே இறங்க விரும்பியதில்லை.

"செருப்பைக் கழட்டிட்டு வா பாப்பா, கார்ப்பெட் புதுசு."

"கழட்டிட்டேன் அண்ணி. எல்லாம் முடிஞ்சதா?"

"முடிஞ்சது. பின்னாடி பாத்ரூமைப் பார்த்துட்டுச் சொல்லு. உனக்குப் பிடிச்சா எனக்குத் தூக்கம் வரும்."

பாப்பா பின்னால் போனாள். கைகழுவும் மேடை, சுவர், தரை எல்லாம் சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கோடு ஓடுகிற கல். கல் மாதிரித் தெரிகிற மெல்லிய தகடுதான் வரைபடத்தில் இருந்தது. பாப்பாவே பார்த்து ஒப்புக்கொண்டது. அழகாகத்தான் இருந்தது. பழக்க தோஷத்தில் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

டொக் என்று ஒரு கனத்த சத்தம்.

இன்னொரு முறை தட்டினாள். குனிந்து தரையைத் தட்டினாள். அங்கேயும் அதே சத்தம்.

"அண்ணி, இது என்ன?"

"கல்லு."

"கல்லு மாதிரி ஷீட்தானே?"

"இல்ல பாப்பா, நிஜக் கல்லு. சிமெண்ட் அம்மா தட்டிப் பார்க்கிற ஆளு, பொய்ச் சத்தம் வந்தா முகம் சுளிப்பாங்கன்னு உங்க அண்ணன்தான் மாத்தச் சொன்னார். உன்கிட்ட சொல்லிட்டேன்னாரே?"

"என்கிட்ட யாரும் சொல்லல."

அண்ணி கையில் இருந்த குஷனைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேர் சேர்ந்துதான் ஒவ்வொரு துண்டையும் தூக்கிட்டு வந்தாங்க. நான் கூடக் கேட்டேன், எடை பரவாயில்லையான்னு. எல்லாம் எடை போட்டாச்சுன்னு சொன்னார்."

எடை போட்டாயிற்றுதான். அவள்தான் போட்டாள். எப்போது போட்டாள் என்று நினைத்துப் பார்த்ததும் அந்தக் கல் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. பெயிண்ட் காய்ந்த அன்று விமானத்தை மூன்று ஜாக்குகளில் தூக்கி எடை போடுவார்கள். எல்லோருக்கும் டீ வரும். அப்பா ஒரு சுற்று சுற்றி வந்து இறக்கையைத் தட்டிக்கொடுப்பார். அதற்கப்புறம் அந்த விமானத்தில் ஒரு ஆணியைக் கூடச் சேர்க்கவிட மாட்டார். மருந்து தெளிக்கிற விமானத்தில் பெயிண்டுக்குப் பிறகு சேர்க்க ஒன்றும் கிடையாது. அதனால் அந்த எடைதான் கடைசி எடை. நாற்பது வருடத்தில் ஒருமுறை கூட அது பிசகியதில்லை.

ஜெட்டுக்கும் அப்படியே செய்தார்கள். பெயிண்ட் காய்ந்தது, எடை போட்டார்கள், டீ குடித்தார்கள். கேபின் இனிமேல்தான் வரப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வரைபடத்தைப் பார்த்து அதன் எடையைக் கணக்குப் போட்டுச் சேர்த்தாள் பாப்பா. கையெழுத்தும் போட்டாள். கேபின் வந்த பிறகு மறுபடி ஜாக்கில் ஏற்ற வேண்டும் என்று ஃபோர்மேனுக்குத் தோன்றவில்லை, அப்பாவுக்குத் தோன்றவில்லை, சீஃப் என்று மார்தட்டிக்கொள்ளும் இவளுக்கும் தோன்றவில்லை. டீ குடித்தாயிற்று, அதனால் எடை விஷயம் முடிந்தது என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. வேறு எந்தக் கம்பெனியும் இந்தத் தப்பைச் செய்திருக்காது. ஆட்களை ஏற்றியே பழகாதவர்கள்தான் செய்வார்கள்.

கல் எல்லாம் வாலில் இருக்கிறது. வால் கனத்தால் ஓடுபாதையை விட்டு எழும்போது மூக்கு மேலே போகும். ஓட்டுகிறவர் எவ்வளவு அழுத்தினாலும் கீழே வராமல் போகலாம். அதற்கு மேல் யோசிக்க பாப்பாவுக்குத் தெம்பில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே ஓடினாள்.

அப்பாவின் அறையில் அண்ணன் கண்ணாடி முன்னால் நின்று கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தான். அப்பா ஜன்னல் வழியாகக் கீழே நிற்கிற விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை சந்தோஷமாக அவர் முகத்தை அவள் பார்த்து வெகுநாள் ஆயிற்று. அதைக் கெடுக்கப் போகிறோமே என்று ஒரு கணம் நிஜமாகவே வலித்தது.

"அப்பா, இன்னிக்கு விமானம் பறக்காது."

அண்ணன் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தான். "காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா?"

"பாத்ரூம்ல நிஜக் கல்லு வெச்சிருக்கே. யாரைக் கேட்டு வெச்சே?"

"வாங்கறவங்களைக் கேட்டு. நீ வாங்கப் போறியா?"

"அண்ணா, கேபினோட சேர்த்து எடையே போடல. போட்ட எடை வெறும் கூட்டுக்கு. என் கணக்குல இருந்தது ஷீட்டு, உள்ள இருக்கிறது மலை. மறுபடி எடை போட்டாத்தான் தெரியும்."

"அதிகம் போனா ரெண்டு குண்டான ஆளு எடை இருக்குமா? சிமெண்ட் அம்மா மாமியாரையும் மாமனாரையும் கூட்டிட்டு வரலேன்னு நெனச்சுக்கோ, சரியாப் போச்சு."

"எடை மட்டும் இல்ல, அது எங்க இருக்குங்கறதுதான் விஷயம். எல்லாம் வால்ல இருக்கு."

அப்பா திரும்பினார். "பெயிண்ட் காஞ்சதும் எடை போட்டோமே?"

"போட்டோம்ப்பா. அதுதான் தப்பு."

"நாற்பது வருஷமா அப்படித்தான் போடறோம். ஒரு விமானம் கீழ விழுந்திருக்கா?"

"அந்த விமானத்துல பின்னாடி ஆளே இல்லப்பா! பெயிண்டுக்கு அப்புறம் உள்ள வைக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல!"

குரல் உயர்ந்துவிட்டது. அப்பாவிடம் அப்படிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அப்பாவுக்குக் கேட்டுப் பழக்கமில்லை. அவர் முகம் கறுத்தது.

"எவ்வளவு நேரமாகும்?"

"தூக்கி, எடை பார்த்து, கணக்குப் போட... அவங்க வர்ற நேரம் தாண்டிடும்."

"வந்து நிக்கிற நேரத்துல விமானத்தை ஜாக்குல தூக்கி வெச்சா என்ன நெனைப்பாங்க?" என்றான் அண்ணன். "பொண்ணு பார்க்க வந்தவங்க முன்னாடி பொண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கும். நமக்குப் போட்டியா ஜெட் விக்கிற கம்பெனிக்காரன் நாளைக்கே அவங்களைக் கூப்பிட்டிருக்கான், தெரியுமா? பூச்சிமருந்துக்காரன் எடை போடத் தெரியாம முழிக்கறான்னு ஊரெல்லாம் சொல்லுவான்."

அந்த 'பூச்சிமருந்து' அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அண்ணன் அதற்காகத்தான் சொன்னான். வியாபாரத்தில் கெட்டிக்காரன், எந்த இடத்தில் தட்டினால் எந்தச் சத்தம் வரும் என்று தெரிந்தவன்.

"பாப்பா, நீ போட மாட்டேன்னா நான் கையெழுத்துப் போடறேன்" என்றார் அப்பா. "எனக்கும் அந்த உரிமை இன்னும் இருக்கு. நீ உன் ரூம்ல போய் உட்காரு."

அப்பாவின் கையெழுத்து செல்லும். அதைத் தடுக்க அவளிடம் காகிதம் எதுவும் கிடையாது. அழுகை வருமோ என்று பயந்தாள், வந்ததென்னவோ கோபம்தான். நல்ல சுத்தமான கோபம். படியில் இறங்கி நேரே ஹேங்கருக்குள் போனாள்.

சக்கரம் தரையில் இல்லாத விமானத்தை எந்தக் கையெழுத்தும் பறக்க வைக்காது.

"ஃபோர்மேன், மூணு ஜாக்கும் கொண்டு வாங்க. தராசு மாட்டுங்க."

ஃபோர்மேன் மாடி ஜன்னலைப் பார்த்தார். அங்கே அப்பா நின்றுகொண்டிருந்தார். ஃபோர்மேன் கையைப் பிசைந்தார். "சீஃப்... ஐயா சொன்னாருன்னா..."

"ஐயா சொல்ல மாட்டார். நான் சொல்றேன்."

யாரும் நகரவில்லை. எல்லோரும் அப்பாவிடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அவர்கள் கல்யாணத்துக்கு அப்பா வந்து நின்றார், அவர்கள் பிள்ளைகளுக்கு அப்பாதான் பெயர் வைத்தார். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பாப்பா சொல்லவும் இல்லை. ஓரத்தில் இருந்த ஜாக்கைத் தானே உருட்டி வந்தாள். ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. இரண்டு இறக்கைக்கும் மூக்குக்கும் கீழே நிறுத்தி, அதன் தலையில் எடை காட்டும் குமிழ்களைப் பொருத்தினாள். பொருத்தியதை ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டாள்.

அப்புறம்தான் சிக்கல். மூன்று ஜாக்கும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும். ஒன்று முந்தினால் விமானம் சாய்ந்து இறக்கை நசுங்கும். ஒரு ஆளால் ஆகிற வேலையே இல்லை. பாப்பா இடது ஜாக்கின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைச் சுற்றி முப்பது பேர் நின்றார்கள்.

விமானத்தின் படியில் அண்ணி இறங்கி வந்தாள். வெறுங்கால்.

"எதைப் பிடிக்கணும்?"

"அண்ணி, வேண்டாம். அண்ணன் உங்களை..."

"உங்க அண்ணனை நான் பார்த்துக்கறேன். எடை போட்டாச்சுன்னு என்கிட்டயே சொன்னார் பாரு, அதுக்கு வீட்ல தனியா இருக்கு. எதைப் பிடிக்கணும், சொல்லு."

"வலது பக்கம். மேலயும் கீழயும் அடிக்கணும். நான் ஒண்ணுன்னா ஒண்ணு."

மூக்கு ஜாக் மிச்சமிருந்தது. சுவரோரம் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் கேப்டன். சோதனைப் பறப்புகள் எல்லாம் ஓட்டியவர். இன்றைக்கும் ஓட்ட வேண்டியவர். மேல்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வந்து மூக்கு ஜாக்கைப் பிடித்தார்.

"கேப்டன், உங்க வேலைக்கு..."

"சீஃப், அதுல உட்காரப் போறது என் உடம்பு. ஆரம்பிங்க."

"ஒண்ணு... ரெண்டு..."

மூன்றாவது அடியில் ஃபோர்மேனுக்குப் பொறுக்கவில்லை. "வலது பக்கம் முந்துது! மெதுவாம்மா, மெதுவா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து, மட்டம் பார்க்கிற குழாயின் முன்னால் மண்டியிட்டார். அதற்கப்புறம் அவர்தான் எண்ணினார். சக்கரங்கள் ஒவ்வொன்றாகத் தரையை விட்டன.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹேங்கர் வாசலில் கார் வந்து நின்றது.

சிமெண்ட் அம்மா இறங்கினார். குட்டையான உருவம், வேகமான நடை. பின்னாலேயே அப்பாவும் அண்ணனும் ஓடாத குறையாக வந்தார்கள். அந்தரத்தில் நிற்கிற விமானத்தையும், வியர்த்து வழிகிற மூன்று பேரையும், அதில் ஒருத்தி தன் மனைவி என்பதையும் பார்த்த அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வியாபாரி வியாபாரிதான்.

"வாங்கம்மா, வாங்க! இது எங்க வழக்கம். வாங்கறவங்க முன்னாடி ஒரு தடவை எடை போட்டுக் காட்டிடுவோம். எல்லாம் வெளிப்படையா இருக்கணும்னு அப்பா சொல்லுவார்."

அப்பா தலையாட்டினார். பாப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கட்டளையும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், எல்லாம் பூசி மெழுகிவிடலாம். யாருக்கும் தலைகுனிவில்லை. பாப்பாவுக்கும் அந்த ஆசை வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய்.

"வழக்கம் இல்லம்மா" என்றாள். "எங்க தப்பு. கேபின் வைக்கறதுக்கு முன்னாடியே எடை போட்டு முடிச்சிட்டோம். கையெழுத்துப் போட்டது நான். இன்னிக்குக் காலைலதான் எனக்கு உறைச்சுது."

ஃபோர்மேன் எண்களைப் படித்தார். பாப்பா கணக்குப் போட்டாள், அழித்துவிட்டு மறுபடி போட்டாள். விமானத்தின் எடைக்கு ஒரு நடுப்புள்ளி உண்டு. அது எங்கே வரலாம், எதைத் தாண்டக் கூடாது என்று ஒரு கோடு உண்டு. எட்டு இருக்கையும் நிறைந்தால் அந்தப் புள்ளி கோட்டைத் தாண்டி நாலு விரல் பின்னால் போயிருந்தது.

"நாலு விரல்தானே?" என்றார் சிமெண்ட் அம்மா.

"நாலு விரல் போதும்மா."

"போதும்னா?"

"திரும்பி வராம இருக்க."

சிமெண்ட் அம்மாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அண்ணன் குறுக்கே புகுந்தான். "அம்மா, பின்சீட்ல யாரும் உட்கார வேண்டாம். நீங்களும் நானும் முன்னாடி உட்கார்ந்துக்கலாம். புள்ளி கோட்டுக்குள்ள வந்துடும். பாப்பா, வரும்தானே? கணக்குப் போடு."

வரும். காகிதத்தில், மயிரிழையில் வரும். பாப்பாவுக்குத் தெரிந்ததைத்தான் அவன் கேட்டான்.

"காகிதத்துல வரும். காகிதத்தை நம்பித்தான் இங்க வந்து நிக்கறோம். கல்லை எடுக்கணும், மறுபடி எடை போடணும், ஆளே இல்லாம கேப்டன் ஓட்டிப் பார்க்கணும். அதுக்கப்புறம்தான் நீங்க ஏறணும்மா."

சிமெண்ட் அம்மா விமானத்தை ஒருமுறை சுற்றி வந்தார். படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். இறங்கினார். "கேபின் யார் செஞ்சது?" என்று கேட்டார். அண்ணி, கிரீஸ் பட்ட கையை உயர்த்தினாள். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். அப்பாவைப் பார்த்தார். "தப்பை நீங்களே கண்டுபிடிச்சதுக்குக் கை தட்டணுமா, தப்புப் பண்ணதுக்குக் கோபப்படணுமான்னு எனக்குத் தெரியல சார். நாளைக்கு அந்த இன்னொரு விமானத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

கார்க் கதவு சாத்துகிற சத்தம் ஹேங்கர் முழுக்கக் கேட்டது.

அப்பா அசையாமல் நின்றார். எல்லோர் முன்னாலும் பேச வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் எல்லோரும் முன்னால்தானே நின்றார்கள்.

"இந்த விமானத்தைச் செய்ய நான் யார் யார்கிட்ட நின்னேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சும் இப்படி மானத்தை வாங்கிட்ட. இனிமே நீ சீஃப் இல்ல. பெரியவன் பார்த்துப்பான். நாளைக்கு அவங்க அந்த விமானத்துல ஏறறதுக்கு முன்னாடி நம்ம விமானம் பறந்தாகணும். பெரியவனே, கையெழுத்துப் போடு."

அண்ணன் பேனாவை எடுத்தான். பாப்பா அவனைத் தடுக்கவில்லை. நாற்பத்தைந்து வருடமாக அப்பா சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவன். மூடியைத் திறந்தான். அண்ணியைப் பார்த்தான். அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுங்க" என்றாள் அவள். "போட்டுட்டு என்னையும் பின்சீட்ல உட்கார வைங்க. நான் செஞ்ச கேபின்தானே."

அண்ணன் பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தான். எழுதவும் இல்லை, மூடவும் இல்லை.

பாப்பா கருவிப்பெட்டியிலிருந்து சிவப்புத் துணிப்பட்டையை எடுத்து மூக்குச் சக்கரத்தில் கட்டினாள். பறக்கக் கூடாது என்பதற்கு அந்தத் தொழிலில் அதுதான் அடையாளம். கேப்டன் மேல்சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஐயா, அதை அவிழ்த்தா வேற ஆளைப் பார்த்துக்கோங்க. நான் ஏற மாட்டேன்."

"வெளிய போ" என்றார் அப்பா, மகளிடம். குரல் உடைந்திருந்தது.

பாப்பாவுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இந்த மனிதரிடமிருந்துதான் அவளுக்கு இந்தப் பிடிவாதம் வந்தது. அது அவருக்கும் தெரியும். இன்றைக்கு அதைச் சொன்னால் அடித்துவிடுவார்.

"நான் போறேன்ப்பா. விமானம் போகாது."

கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். முப்பது பேரும் வழிவிட்டார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவரும் ஜாக்கை இறக்கவும் போகவில்லை.

கேட்டுக்கு வெளியே வெயில் கண்ணைக் கூச வைத்தது. சாலையோரம் சிமெண்ட் அம்மாவின் கார் நின்றுகொண்டிருந்தது. போகவில்லை. பின்கதவுக் கண்ணாடி இறங்கியது.

"வேலை போச்சா?"

"போச்சு."

"எதிர்பார்த்தேன். அதான் நின்னேன்." சிமெண்ட் அம்மா பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு அந்த விமானத்தைப் பார்க்கப் போறப்ப, எதைக் கேட்கணும், எங்க தட்டிப் பார்க்கணும்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட வேணும். வர்றீங்களா?"

பாப்பா திரும்பிப் பார்த்தாள். ஹேங்கரின் பெரிய கதவு வழியாக விமானத்தின் மூக்கு தெரிந்தது, தரையைத் தொடாமல். எதிராளி வீட்டு வாசலில், அப்பாவின் விமானத்தை வாங்க வேண்டியவரோடு, நாளைக்கு அவள் போய் இறங்கினால் அப்பா அதை என்னவென்று சொல்வார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"வர்றேன்மா. ஆனா போற வழியில எங்க விமானத்தைப் பத்தி ஒரு வார்த்தை இளக்காரமாப் பேசினீங்கன்னா, அங்கயே இறங்கிடுவேன்."